புதன்கிழமை என் முறை

அண்ணன் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அதை விற்ற கொஞ்ச காலத்தில் மறதி தொடங்கியது. முதலில் சாவி எங்கே என்பது மறந்தது, பிறகு தெரு, பிறகு பிள்ளையின் முகம். டிமென்ஷியா, இனி பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றார் திருநெல்வேலி டாக்டர். பார்த்துக்கொண்டது அண்ணன் மனைவி, என் மதினி ஒருவர்தான். மகன் பெங்களூரிலிருந்து போனில் விசாரிப்பான். கழுகுமலையில் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் நான், எப்போதாவது பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

அப்படிப் போன ஒரு நாள் மதினி விந்தி விந்தி நடந்தார். பாதத்தில் பழைய சேலைத் துணியால் ஒரு கட்டு. அவிழ்க்கச் சொன்னேன். சர்க்கரை உள்ளவர், புண் ஆழமாகப் போயிருந்தது.

"டாக்டர்ட்ட காட்டலியா மதினி?"

"அவியள விட்டுட்டு நான் எங்கன போக? குளிக்கப் போனாலே கேட்டைப் போட்டு ஆட்டுதாவ."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். இப்படியே விட்டால் அண்ணனுக்கு முன்னால் மதினி போய்விடுவார் என்று தோன்றியது.

"இனி புதன்கிழமை என் முறை. காலைல வாரேன், சாயந்தரம்தான் போவேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

முதல் புதன் படுதோல்வி. மதினி தெருமுனை திரும்பியதுமே அண்ணன் என்னைப் பார்த்து, "யாரு நீ? அவள எங்க?" என்றார். தங்கச்சி என்றேன். "எனக்குத் தங்கச்சி கிடையாது" என்றார். நான் வைத்த சாப்பாட்டைத் தள்ளிவிட்டார், கேட்டைப் பிடித்துக்கொண்டு மதினியைக் கூப்பிட்டுக் கத்தினார். எதிர்வீட்டு அம்மா மதினிக்குப் போன் போட, அவர் கட்டுக்கூட மாற்றாமல் பாதியில் ஓடிவந்தார்.

"இது சரிப்படாதுட்டி. நான் இருந்தாத்தான் அடங்குதாவ."

"புருசனை இப்படி விட்டுட்டுப் போலாமா?" என்றார் எதிர்வீட்டு அம்மா.

எனக்குக் கோபம் வந்தது. "அக்கா, அடுத்த வாரம் அண்ணன் கத்துனா போன் போடாதீங்க. இங்கன வந்து என்கூட உக்காருங்க" என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். சின்ன வயதில் என்னை சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்ட அண்ணன் அவர். கழுகுமலையில் இறங்குவதற்குள் அழுகை தீர்ந்தது. மறுவாரமும் போனேன்.

இந்த முறை யாரென்று சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து நிலக்கடலையை உடைக்க ஆரம்பித்தேன். அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஏட்டி, இம்புட்டு நேரங்கழிச்சா வேலைக்கு வருவ?"

எனக்குப் புரிந்துவிட்டது. "பஸ் லேட்டு மொதலாளி" என்றேன்.

"சரி சரி, வேலையப் பாரு."

நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். மதியம், "மொதலாளி சாப்பிட்டாத்தான் நாங்க சாப்பிட முடியும்" என்றதும் தட்டை எடுத்துக்கொண்டார். தங்கச்சி என்ற இடம் எனக்குப் போய்விட்டது. அந்த வருத்தம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அவர் சாப்பிட்டார். மதினி சாயந்தரம்தான் திரும்பி வந்தார், வெள்ளைக் கட்டோடு.

"ஆஸ்பத்திரில இம்புட்டு நேரமா?"

"எங்க அக்கா வீட்டுக்குப் போயித் தூங்கிட்டேன். எழுப்பாதீயன்னு சொல்லிட்டுத் தூங்குனேன்." அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

கால் புண் மெதுவாக ஆறியது. எதிர்வீட்டு அம்மா ஒருநாள் காப்பியோடு வந்தார். பிறகு சனிக்கிழமை மதியங்களைத் தானே எடுத்துக்கொண்டார். அப்பாவை எங்காவது ஹோமில் சேர்த்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மகனிடம், "யோசனை வேண்டாம்டா, ஆள் வேணும். லீவு போட்டுட்டு வா" என்றேன். வந்தான். அப்பாவுக்குச் சவரம் செய்யப் பழகிக்கொண்டான். இப்போது மாதம் தவறாமல் வருகிறான்.

அண்ணன் இப்போது பேசுவது குறைந்துவிட்டது. மொதலாளி என்றாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊட்டித்தான் விடுகிறோம். இன்னும் கஷ்டமாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகட்டும், செய்வதற்கு ஆட்கள் இருக்கிறோம்.

சமீபத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு பெண், இதே நோய் வந்த மாமியாரைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று தெரிந்தது. மதினி புதன்கிழமைகளில் அங்கே போகத் தொடங்கினார்.

"நீங்க ஓய்வெடுக்கத்தான நான் வாரேன்? அங்கயும் போயி இதே வேலையா?" என்று சண்டை பிடித்தேன்.

மதினி சேலையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "வேலைக்கா போறேன்? அந்தப் பிள்ளைகூடப் பேசுதேன். ராத்திரி தூங்கலன்னு நான் சொன்னா, ஏன்னு அவ கேக்கமாட்டா."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.