செம்புச் சொம்பு

கமலநாதன் கெட்டவன் இல்லை. எங்கள் வரிசை வீடுகளில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெர்மாஸ் ஜெயாவில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். விடியுமுன் மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போவான், இருட்டிய பிறகு திரும்புவான். மனைவி தேன்மொழிக்கு மூன்று முறை கரு உண்டாகி மூன்றும் கலைந்துவிட்டன. அதற்குப் பிறகு அந்த வீட்டில் "சாப்பிட்டீங்களா", "கேட்டைப் பூட்டியாச்சா" தவிர வேறு பேச்சில்லை.

போன வருடம் அவனுக்குக் வீட்டில் கடல் மீன் தொட்டி வைக்கும் ஆசை பிடித்தது. மருந்து வேண்டாம், பெரிய இயந்திரம் வேண்டாம், கடலில் கிடந்த பாறையும் மணலும் அதில் ஒட்டிய உயிர்களுமே தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் என்று வளர்ப்பு மீன் கடை முதலாளி, தவுக்கே, சொல்லியிருந்தார். பாறையில் பவளம் விரிந்தது. இறால் விட்டான், ஆரஞ்சு மீன் இரண்டு விட்டான். பகலில் ஆவியாகிக் குறையும் தண்ணீரை ஊற்றுவது மட்டும் தேன்மொழி வேலை.

அவளுக்கு உயிர் வந்தது. "இன்னிக்கு இறால் தோல் உரிச்சிருக்குங்க! போட்டோ அனுப்பினேனே, பாத்தீங்களா?" சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கும். அவன் சிரிப்பான். இருவரும் பிழைத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு இறால் செத்தது. பவளம் ஒவ்வொன்றாகச் சுருங்கி வெளுத்தது. ஏனென்று அவனுக்குப் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். பச்சை படிந்த செம்புச் சொம்பு வந்தது.

"இது எப்படிலா உள்ள வந்துச்சு?"

"அதுங்களுக்கு முடியலையே, தண்ணி சுத்தமாகட்டும்னு வச்சேங்க. அதுக்கு முன்னாடியும் ஊத்துற தண்ணிய முதல் நாளே இதுலதான் பிடிச்சு வைப்பேன். நீங்களும் காலையில செம்புலதானே குடிக்கிறீங்க, உடம்புக்கு நல்லதுன்னு?"

தவுக்கேக்குப் போன் போட்டான். செம்பு கரைந்த தண்ணீரை மீன் ஓரளவு தாங்கும், பவளமும் இறாலும் தாங்காது என்றார். அதை இவன் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். போனை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

"உன்கிட்ட எந்த உயிர்தான் தங்கியிருக்கு?"

கத்தக்கூட இல்லை, பாவி.

பிறகு அவனுக்கே மனசு உறுத்தியிருக்க வேண்டும். பாறை, மணல், தண்ணீர் எல்லாவற்றையும் மாற்றினான். ஊற்றுவதற்குப் பிளாஸ்டிக் ஜக்கு ஒன்று வாங்கி வந்தான்.

"தேனு, வாயேன். மீனு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நீயே ஊத்து."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாயை அவள் மூடினாள்.

"வேணாங்க. நீங்களே ஊத்துங்க," என்றாள். "அதுங்களாவது இருக்கட்டும்."