ஸ்டெல்லாவுக்கு மட்டும் கிடைத்த அனுமதி

பலாங்கொடையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, பஸ் ரோட்டோரம் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் அடுத்தடுத்த காணி. நான் தையல் கடை கட்டவும் அவள் வீடு கட்டவும் பிரதேச சபையில் ஒன்றாகத்தான் விண்ணப்பித்தோம். அவளுக்கு அனுமதி கிடைத்தது. என்னிடம், ஊருக்கான அபிவிருத்தித் திட்டம் இன்னும் தயாராகவில்லை, பொறுங்கள் என்றார்கள்.

அவள் அத்திவாரம் வெட்டுவதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. யாரையோ பிடித்துக் காரியம் சாதித்துவிட்டாள் என்று நினைத்து, சபைக்கே போய்ச் சத்தம் போட்டேன்.

"திட்டம் முடியலன்னா அவளுக்கு மட்டும் எப்படிங்க குடுத்தீங்க?"

அங்கிருந்த சிங்கள அதிகாரி, மரியாதைக்கு 'நோனா' போட்டு, பொறுமையாகத் தமிழிலேயே சொன்னார்: "ரோட்டை அகலமாக்குற யோசனை இருக்கு நோனா. அவங்க வீடு நல்லா பின்னால தள்ளி இருக்கு. திட்டம் எப்படி வந்தாலும் பிரச்சினை இல்ல. உங்க கடை ரோட்டை ஒட்டி நிக்குது. இப்ப விட்டா நாளைக்கு உடைக்க வரும்."

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. "அக்கா, ரோட்டை பெருசாக்கப் போறாங்களாம், கொஞ்சம் தள்ளிக் கட்டுங்களேன்" என்று ஸ்டெல்லா எப்போதோ சொல்லியிருந்தாள். தன் வீட்டு வாசலை என் கடை மறைத்துவிடும் என்றுதான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு நானும் விண்ணப்பத்தை மாற்றிக் கொடுத்து, அனுமதி வாங்கித் தள்ளித்தான் கட்டினேன். அவள் வீடு முதலில் முடிந்தபோது மறுபடியும் வயிறு எரியத்தான் செய்தது. பொறாமை என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அது காதையும் அடைத்துவிடும் என்பது இப்போது எனக்குத் தெரியும்.