இரண்டு பின்னும் இரண்டு அம்புக்குறியும்

எங்கள் அலுவலகத்தில் அவள் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. "மாத்திப்போடு அக்கா" என்றால் வாட்ச்மேன்கூடக் கை காட்டுவார்.

நாங்கள் விற்பது மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லு பதித்த சோதனைப் பலகை, உள்ளங்கை அகலம்தான். ஒரு முனையில் கணினியிலிருந்து புரோகிராமை ஏற்றவும், அது எங்கே மக்கர் செய்கிறது என்று பார்க்கவும் டீபக் சாக்கெட். மறுமுனையில் சென்சார், டிஸ்ப்ளே போன்றவற்றை இணைக்கும், ஊசி போன்ற பின்களின் வரிசை. வாங்கியவர்கள் தடுமாறினால் ஃபோன் அக்காவுக்கு வரும். டீபக் கேபிளைத் தலைகீழாகச் செருகியவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஒரே வியாதி. டிஎக்ஸ் அனுப்பும் பின், ஆர்எக்ஸ் வாங்கும் பின். பலகையின் டிஎக்ஸ், இணைக்கும் சாமானின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். ஆளோ, பெயரைப் பார்த்து டிஎக்ஸோடு டிஎக்ஸை மாட்டிவிடுவார். இரண்டு பக்கமும் பேசும், ஒன்றும் கேட்காது. எங்கள் மீட்டிங் மாதிரி.

"மாத்திப் போட்டுப் பாருங்க."

"அட, வந்துடுச்சுக்கா!"

அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளை பாஸானதுபோல் இருக்கும்.

புதுப் பலகையை வரையும் டிசைனர் ஒருநாள் வந்து, என்ன மாற்றலாம் என்று அவளிடம் கேட்டார். பக்கத்து சீட்டிலிருந்த நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். கண்டுகொள்ளவே இல்லை.

"அந்த டிஎக்ஸ், ஆர்எக்ஸ் ரெண்டு பின்னுக்கும் பக்கத்துல அம்புக்குறி போடுங்க சார். ஒண்ணு வெளிய, ஒண்ணு உள்ள. அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க."

அவர் போனதும் கத்தினேன். "உங்க வேலைக்கு நீங்களே உலை வெக்கிறீங்களேக்கா! வீட்டுக்காரரும் வேலையில்லாம இருக்காரு."

"தெரியுது. அதுக்காக ஊர்ல இருக்கறவங்க எல்லாம் தலையப் பிச்சுக்கணுமா?"

அம்புக்குறி வந்தது. ஃபோன் ஊமையானது. மேனேஜர் அவளை உள்ளே கூப்பிட்டு, நல்ல வார்த்தை நாலு சொல்லி, மாதக் கடைசியோடு போகச் சொல்லிவிட்டார்.

கடைசி நாள். சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தவள், ஃபோன் அடித்ததும் பாய்ந்து எடுத்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அடிக்கடி கூப்பிடும் பழைய வாடிக்கையாளர்.

"மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?" என்றாள், வாய்ப்பழக்கத்தில்.

"கோளாறு ஒண்ணும் இல்லக்கா. புதுசு வாங்கினேன், மொத தடவையே வந்துடுச்சு. அதைச் சொல்ல வேற யாரு இருக்கா? அதான் கூப்பிட்டேன்."

அக்கா பையைக் கீழே வைத்தாள்.

"வந்துடுச்சா?" என்று மறுபடியும் கேட்டாள். அவரும் மறுபடியும் சொன்னார்.