மணிக்குதிரையின் கழுத்துப் புண்

தெல்மீரோவுக்கு அறுபத்தாறு வயது. அவனுடைய வெள்ளைக் குதிரை பலோமாவுக்கு இருபத்தெட்டு. குதிரைக் கணக்கில் பார்த்தால் அவள்தான் மூத்தவள். இரண்டு பேரையும் பண்ணை ஒரே வருடத்தில் வேலையிலிருந்து நிறுத்தியது. அவனுக்குச் சதுப்பின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு வீடு கொடுத்தார்கள். வேறென்ன வேண்டும் என்று முதலாளி கேட்டபோது, பலோமாவும் அவள் கழுத்து மணியும் போதும் என்றான். இருபது வருடம் மாடு ஓட்டியவன் கேட்கிற வரமா இது என்று ஊரே சிரித்தது.

பலோமா சாதாரணக் குதிரை அல்ல, மணிக்குதிரை. எங்கள் பக்கத்தில் மாடு ஓட்டப் போகிறவன் ஒவ்வொருவனும் பத்துப் பன்னிரண்டு ஆண் குதிரைகளைக் கூட்டிப் போவான். காயடித்த குதிரைகள். அவற்றைத் தனித்தனியாகக் கட்டி வைக்க எவனுக்கு நேரம்? ஒரு பெண் குதிரையின் கழுத்தில் வெண்கல மணியைக் கட்டிவிட்டால் போதும். அவள் போகிற இடத்துக்கு அவை போகும், அவள் நிற்கிற இடத்தில் நிற்கும். பனிமூட்டத்தில் வழி தவறிய ஆளும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் கூடாரத்துக்கு வந்து சேருவான்.

இப்போது அவள் பின்னால் வர ஒரு குதிரையும் இல்லை. ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது, இன்னொன்றுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். பல் தேய்ந்து போனதால் புல்லை மென்று மென்று உருண்டையாகக் கீழே துப்பிவிடுவாள். தெல்மீரோ விடிவதற்கு முன்பே எழுந்து, தனக்கு மாத்தே இலைத் தேநீர் போட வைக்கிற வெந்நீரில் முதல் பங்கை அவளுடைய ஓட்ஸிலும் சோள நொய்யிலும் ஊற்றி ஊற வைப்பான். அது ஊறும் வரை அவளைக் கோணிச் சாக்கால் தேய்ப்பான். குளம்பைத் தூக்கித் தன் தொடையில் வைத்துக்கொண்டு, கத்தி முனையால் சேற்றைச் சுரண்டுவான். அவனுக்கே முட்டி பிடிக்கும். குளம்பை இறக்கும்போது அவனும் முனகுவான், அவளும் பெருமூச்சு விடுவாள்.

பனி இறங்குகிற காலைகளில் மட்டும் அவன் வேறு மனிதன். கழுதைக்குக் கூட இரக்கப்படுகிறவன், அன்றைக்குத் தூங்கி வழியும் கிழக்குதிரையைத் தட்டித் தட்டி நடக்க வைப்பான். அவள் நின்றால் மணி நின்றுவிடும். மணி நின்றால் சதுப்புப் பக்கமிருந்து சளக், சளக் என்று தண்ணீரில் குளம்பு வைக்கிற சத்தம் கேட்கும். கொஞ்சம் கிட்டே வரும். அப்புறம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும். அப்புறம் விலகிப் போகும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் பலோமாவுக்கும் கேட்கும். குருட்டுக் கண்ணோடு அந்தப் பக்கம் காதை நிமிர்த்தி, மூக்குக்குள்ளேயே மெல்லக் கனைப்பாள். கண் தெரிந்த காலத்தில், அவனுடைய அண்ணன் ஓரோஸ்மானின் குதிரையைப் பார்த்தால் மட்டும் அவள் அப்படிக் கனைப்பது வழக்கம்.

ஓரோஸ்மான் இந்தச் சதுப்பில் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. உடம்பு கிடைக்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில்தான் பலோமாவின் கழுத்தில் புண் வந்தது. வயதான தோல், மணிவார் உரசி உரசி உள்ளங்கை அகலத்துக்கு வழன்றுவிட்டது. பண்ணை மேலாள் அல்சீதெஸ் குதிரையில் வந்து இறங்கி, குனிந்து பார்த்து, முகத்தைச் சுளித்தான்.

"பெரியவரே, ஈ உக்காந்திருக்கு. இன்னும் ரெண்டு நாள்ல புழு வெச்சுரும். புழு உள்ள போச்சுன்னா ஒரு வாரம் தாங்க மாட்டா."

"மருந்து கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன். ஆனா வாரு உரசிக்கிட்டே இருந்தா மருந்து என்ன பண்ணும்? மொதல்ல மணியைக் கழட்டுங்க. இவ எங்க ஓடிப் போயிருவான்னு மணி கட்டி வெச்சிருக்கீங்க? உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஆறு காலு. அதுல ஒண்ணாச்சும் நேரா இருக்கா?"

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போடா."

"கோவத்துக்கு மட்டும் கொறச்சல் இல்ல" என்று சிரித்துக்கொண்டே மருந்துப் புட்டியை வைத்துவிட்டுப் போனான் அவன்.

தெல்மீரோ வாரை மேலே தள்ளிக் கட்டிப் பார்த்தான். ஆட்டுத்தோலை அடியில் கொடுத்துப் பார்த்தான். புண் பெரிதானதுதான் மிச்சம். ஒரு நாள் மதியம் நல்ல வெயிலாக இருந்ததால் துணிந்து மணியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பலோமா தலையைக் குலுக்கிவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு தரையில் படுத்துப் புரண்டாள். பார்க்க அவனுக்கும் கண் கலங்கியது. சாயங்காலம் சதுப்பின் மேல் வெள்ளையாக ஒரு படலம் எழுந்ததைப் பார்த்ததும் கை தானாக ஆணிக்குப் போனது. வாரை மறுபடியும் புண்ணின் மேல் வைத்து இறுக்கினான். அவள் நடுங்கினாள், ஆனால் நகரவில்லை. அவன் கட்டினால் நிற்க வேண்டும் என்று பழகியவள்.

சனிக்கிழமை சுல்மா வந்தாள். ஓரோஸ்மானின் மனைவி. எழுபத்தொரு வயதிலும் வாராவாரம் கால் மணி நேரம் நடந்து, கொழுந்தனுக்கு ரொட்டி சுட்டுக் கொண்டு வந்து தருவாள். கல்யாணம் ஆகாத தெல்மீரோ ஒரு காலத்தில் அவள் வீட்டில்தான் சாப்பிட்டான், அவள் கையால்தான் துணி வெளுத்தது. அன்றைக்கும் பனி. பலோமாவைச் சுற்றிச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தான். சுல்மா ரொட்டிக் கூடையை வைத்துவிட்டு மூக்கைத் தூக்கி மோந்தாள்.

"என்ன நாத்தம் இது, தம்பி?"

பதிலுக்குக் காத்திராமல் போய்ப் பிடரி மயிரை ஒதுக்கினாள். ஆட்டுத்தோலுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக நெளிந்தது.

"அடப்பாவி, இவளைப் புழு தின்னுது! நிறுத்து. கழட்டு மணியை."

"பனி போவட்டும் அண்ணி. பனி போனதும் கழட்டுறேன்."

"பனிக்கும் மணிக்கும் என்ன இப்போ?"

"வேணாம் அண்ணி. கேக்காதீங்க."

"இவ சாவுறாடா. நாளைக்குப் பனி போவும், அப்புறம் எது கழுத்துல கட்டுவ?"

தெல்மீரோவின் கை கயிற்றை விட்டுவிட்டது. குதிரை நின்றது. மணி நின்றது. சதுப்பிலிருந்து சளக் என்றது. பலோமா காதை நிமிர்த்தினாள். சுல்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவனுக்கு, அவளுக்கும் அது கேட்டதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்குக் குறுகுறுத்தது போதும் என்றாகிவிட்டது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மணியை நான்தான் அடைச்சேன் அண்ணி" என்றான். "அண்ணன் விடியக்காலம் வழி தப்புன மாட்டைத் தேடிப் போச்சு. போகும்போது, மணியைக் கேட்டுக்கிட்டே வந்துருவேன், அடுப்பை மட்டும் பாத்துக்கடான்னு சொல்லிட்டுப் போச்சு. நான் ராவெல்லாம் சாராயம் குடிச்சிருந்தேன். மணி மண்டையில அடிக்கிற மாதிரி இருந்துது. கழுத்துத் துண்டை அவுத்து மணி உள்ள திணிச்சுட்டுப் படுத்துட்டேன். எந்திரிச்சா உச்சி வெயிலு. அண்ணன் குதிரை மட்டும் நிக்குது, சேணமெல்லாம் தண்ணி. ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி துண்டை உருவிக் கழுத்துல கட்டிக்கிட்டேன். இவ்வளவு பனியில மணி எங்கடா கேக்கும்னு எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னாங்க. நானும் ஆமான்னேன்."

 சுல்மா பலோமாவின் வார்க் கொக்கியை விடுவித்தாள். மணி அவள் கையில் வந்து ஒரு முறை அடித்து ஓய்ந்தது. அல்சீதெஸ் வைத்துவிட்டுப் போன மருந்தை எடுத்து வந்து, புண்ணுக்குள் விட்டு, மேலே வந்த புழுக்களைக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பலோமா தலையை அவள் தோளில் போட்டுக்கொண்டாள்.  சுல்மா கையைக் கழுவி, பாவாடையில் துடைத்த பிறகுதான் பேசினாள்.

"அந்த வாரம் உன் துணியைத் தொவச்சது யாரு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"செவப்புத் துண்டு. நடுவுல பச்சைக் களிம்பு வட்டமா ஒட்டியிருந்துது. மணி நாக்கு இடிச்சு இடிச்சு ஒரு ஓட்டை. மூணு தடவ சோப்பு போட்டேன், போவல. உங்கண்ணனுக்கு ஏத்துன விளக்கைக் கூட இன்னும் அணைக்கல, அப்போ."

"தெரிஞ்சா... தெரிஞ்சுமா ரொட்டி சுட்டுக் கொண்டாந்தீங்க?"

"வேற எப்படி வருவேன்? கையை வீசிக்கிட்டு வந்தா எதுக்கு வந்தேன்னு கேப்ப. ஒவ்வொரு சனிக்கெழமையும், இன்னைக்குச் சொல்லுவான், இன்னைக்குச் சொல்லுவான்னு வந்தேன். பத்தொம்பது வருசம், தெல்மீரோ. எத்தனை ரொட்டின்னு நீயே நெனச்சுப் பாரு."

"அப்பவே கேட்டிருந்தா..."

"அப்பவே கேட்டிருந்தா நீ ஓடிப் போயிருப்ப. இல்ல, கயித்துல தொங்கியிருப்ப. அப்புறம் அவருக்கு இங்க யாரு மணி ஆட்டுவா?"

தெல்மீரோ சதுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்படியானால் அவளுக்கும் கேட்கிறது. இத்தனை வருடமும் அந்த வீட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு அவளும் கேட்டிருக்கிறாள்.

சுல்மா குனிந்து, அவன் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்து, அதில் மணியின் வாரைக் கோத்து இறுக்கினாள். முடிச்சு கெட்டியாக விழுந்தது.

"தப்பு பண்ணது நீ. பாரம் தூக்குனது இந்த வாயில்லா ஜீவன். போதும். அவ கழுத்து ஆறட்டும். நீ நட."

அவன் எழுந்தான். முதல் அடியில் மணி அவன் தொடையில் இடித்து ஒலித்தது. பின்னால் பலோமா தயங்கினாள். வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தம் அவளுடையதாக இருந்தது, அதை முன்னால் விட்டுப் பின்னால் போய் அவளுக்குப் பழக்கமில்லை. அவன் இரண்டாவது அடி வைத்தான். மூன்றாவதும் வைத்தான். அப்புறம் அவள் மூச்சு அவன் முதுகில் பட்டது.

புண் ஆற ஐந்து வாரம் ஆயிற்று. இப்போது அந்தக் குருட்டுக் குதிரை கழுத்தில் ஒன்றுமில்லாமல், மணிச்சத்தம் போகிற இடத்துக்கெல்லாம் போகிறது. தண்ணீர்த் தொட்டிக்கும் புல்வெளிக்கும் அவன்தான் முன்னால். இடுப்பில் மணி கட்டிக்கொண்டு ஆடி ஆடி வருகிற கிழவனைப் பார்த்து அல்சீதெஸ், "குதிரை ஓய்வு பெத்தாச்சு, மனுசன் வேலைக்குச் சேந்தாச்சு" என்று கேலி செய்தான். தெல்மீரோ திட்டவில்லை.

பனிக்காலைகளில் அவன் உட்காருவதில்லை. மாத்தேயைக் கூட நடந்துகொண்டேதான் உறிஞ்சுகிறான். முட்டி வலி தாங்காமல் எப்போதாவது ஒரு நிமிடம் நின்றுவிட்டால் கால் மணி நேர நடைத் தூரத்தில் ஒரு கதவு திறக்கும். சுல்மா வாசலில் வந்து நிற்பாள். சத்தம் போட மாட்டாள். மணி மறுபடியும் கேட்கும் வரை உள்ளே போகவும் மாட்டாள்.