கல்லில் இல்லாத தாத்தா

எங்கள் வீட்டில் ஒருவர் நூறு வருடத்துக்கும் மேலாகச் சாகாமல் இருந்தார். என் அப்பாவின் தாத்தா. பிரெஞ்சுக்காரன் காலத்தில், முதல் உலகப் போருக்குச் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக, கப்பலேறிப் போனவர். திரும்பவில்லை. செத்துப்போன சேதியும் வரவில்லை. அவர் மனைவி கடைசிவரை பூவும் பொட்டுமாகவே இருந்து போய்ச் சேர்ந்தார். காரைக்கால் போர் நினைவுக்கல்லில் பொறித்த பெயர்களிலும் அவர் பெயர் இல்லை.

ஆடி அமாவாசையன்று கடற்கரையில் அப்பா முன்னோர் எல்லோருக்கும் எள்ளும் தண்ணீரும் விடுவார். இவருக்கு மட்டும் கிடையாது.

"உயிரோட இருக்கறவருக்கு எள்ளுத்தண்ணி விட்டா பாவம்டா."

"அப்படின்னா ஆதார் கார்டு எடுத்துடலாம்ப்பா" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். ஒரு வாரம் அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன நவம்பரில் சொல்தா குடும்பங்கள் கூடி ஒரு முடிவெடுத்தன. அந்தப் போர் முடிந்த நாளில் செய்யும் வழக்கமான அஞ்சலியோடு, கல்லில் விடுபட்டவர்களின் பெயர்களையும் வாசிப்பது. ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டு ஆள் "இறந்துவிட்டார்" என்று பதில் சொல்வது. பிரெஞ்சுப் பட்டாளத்து வழக்கமாம். கேள்விப்பட்ட அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

"எனக்கு எண்பது தாண்டிடுச்சு. எனக்கப்புறம் நீ ஒண்ணும் செய்ய மாட்டே. அவரு அந்தரத்துலயே நிப்பாரு. அதுக்காக, நான் வாயால சொல்லித்தான் அவரு சாவணுமா?" என்றார்.

அஞ்சலி நாளன்று காலையிலிருந்தே தூறல். எங்கள் ஊர் கோட்டுச்சேரியிலிருந்து ஆட்டோவில் நினைவுக்கல்லுக்குப் போய்க் கடைசி வரிசையில், ஒரு சுவரை ஒட்டி நின்றோம். மார்பில் பதக்கம் குத்திய ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர் பெயர்களை வாசித்தார். கூட்டத்தில் அங்கங்கே "இறந்துவிட்டார்" என்ற குரல் எழுந்தது. இழவுச் சேதி ஒவ்வொன்றும் அப்போதுதான் வந்ததுபோல இருந்தது.

எங்கள் பெயர் வந்தது. அப்பா வாய் திறக்கவில்லை. பெரியவர் மறுபடியும் வாசித்தார். அப்போதும் இல்லை. மூன்றாம் முறை வாசித்துவிட்டு நிமிர்ந்தவர் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பார்த்தார், அங்கே நிற்கும் யாரோ பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பதுபோல. நான் திரும்பினேன். ஈரச் சுவர்தான் இருந்தது.

அப்பாவும் திரும்பினார். விருந்தாளியிடம் பேசுகிற குரலில் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"தாத்தா, நீங்க செத்துட்டீங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் அடுத்த பெயருக்குப் போனார்.

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா ஓரமாக உட்கார்ந்துகொண்டு, "நீ அந்தப் பக்கம் தள்ளிக்கடா" என்றார். கிண்டல் பண்ண வாய் வரவில்லை. தள்ளிக்கொண்டேன். எங்கள் நடுவே ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. கோட்டுச்சேரி வரும்வரை அந்தப் பக்கம் திரும்பாமல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பயம்தான், வேறென்ன?

வாசலில் நான் முதலில் இறங்கினேன். அப்பா தன் பக்கமாக இறங்கி நின்று, காலியான ஆட்டோவுக்குள் கையை நீட்டினார்.

"ஈரமா இருக்கு, பாத்து எறங்குங்க" என்றார்.