நான் வெட்டிய துணை டிக்கெட்

சேகர் என்ற மனநோயாளியின் சிகிச்சை இரண்டு வருடம் நின்றுபோனதற்கு நான்தான் காரணம். போர்ட் பிளேரில் சுகாதாரத் துறையில் கண்காணிப்பாளராக இருந்தபோது, ஒரு கோப்பில் ஒரு வரியை வெட்டினேன். செலவைக் குறைக்கும் உத்தரவு மேலிருந்து வந்தது உண்மை. எந்த வரி என்று தேர்ந்தெடுத்தது நான்.

அந்த வருடம் மனநலத் திட்டத்துக்கு வந்த நிதி வெகுவாகக் குறைந்திருந்தது. "தவாயி மத் சூனா, டாக்டர் மத் சூனா. பாக்கி ஆப் தேக் லோ," என்றார் என் அதிகாரி. மருந்திலும் டாக்டரிலும் கைவைக்காதீர்கள், மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை. தூரத்துத் தீவுகளிலிருந்து வரும் நோயாளிக்கும், துணைக்கு வருபவருக்கும் துறையே கப்பலில் பங்க் என்கிற படுக்கை இடம் பிடித்துக் கொடுக்கும். அதில் துணை டிக்கெட்டை வெட்டுவதற்காகக் குறித்து வைத்தேன்.

மனநலப் பிரிவு நர்ஸ் லீலா என் மேஜைக்கே வந்துவிட்டார். மதுரைக்காரர்.

"சார், துணை இல்லாம இவங்க கப்பல் ஏற மாட்டாங்க."

"பெரிய ஆம்பளைங்கதானே சிஸ்டர்? ஏறி உக்காந்தா கப்பல் தானா கொண்டாந்து விடுது."

"நீங்க வீட்டம்மா இல்லாம ஒரு தடவயாவது மெயின்லேண்ட் போயிருக்கீங்களா சார்?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அன்று மாலையே அந்த வரியை வெட்டிக் கையெழுத்திட்டேன்.

சேகர், தெற்குக் கோடித் தீவிலுள்ள கேம்பல் பேயில் குடியேறிய முன்னாள் ராணுவ வீரர் ஒருவரின் மகன். அப்பா இறந்துவிட்டார். சேகருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. காதில் குரல்கள் கேட்கும். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் தோட்டத்தில் தேங்காய் உரிப்பார், ரேடியோ கேட்பார். அம்மா ராஜம்மாள்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து வருவார். நான் வெட்டிய பிறகு, கவுண்டரில் காசு கொடுத்தும் அம்மாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மருந்து தீரப்போகிறதே என்று மகனைத் தனியாக ஏற்றிவிட்டார்.

கப்பல் வழியில் கமோர்ட்டா தீவில் நின்றபோது சேகர் இறங்கிவிட்டார். இரண்டாம் நாள் ஜெட்டி ஓரத்தில், கையில் மருந்துச் சீட்டோடு இருந்தவரைப் போலீஸ்காரர்கள் கண்டுபிடித்தார்கள். "அம்மா அடுத்த கப்பல்ல வருவாங்க," என்று மட்டும் சொன்னாராம். ஊர் திரும்பியபின் கப்பல் என்றாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டாக்டர் பார்க்காமல் மருந்து நின்றது.

லீலாதான் இதை எனக்குச் சொன்னார். குத்திக்காட்டியிருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவர் குத்திக்காட்டவில்லை.

துணை டிக்கெட்டைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மூன்று முறை குறிப்பு எழுதினேன். மூன்று முறையும் "நிதி வந்தபின் பார்க்கலாம்" என்று திரும்பியது. வெட்டுவதற்கு ஒரு மாலை போதுமாயிருந்தது.

ஓய்வு பெற்றதும் கேம்பல் பே போனேன். முற்றத்தில் நின்று ராஜம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்கதானா அது?" என்றார். "கையெழுத்துப் போட்ட கைய வெச்சுக்கிட்டு சும்மா நிக்காதீங்க சார். மழை வருது, அந்தத் தேங்காய உள்ள எடுத்துப் போடுங்க."

அவருக்கு மூட்டு வலி. இனி கப்பல் ஏணி ஏற முடியாது. "துணைக்கு நான் வர்றேம்மா," என்றேன்.

"நான் சரின்னு சொல்லி என்ன? அவன் உங்கள நம்பணுமே."

தெரிந்தவர் வீட்டில் தங்கி, தினமும் போய்ச் சேகரோடு தேங்காய் உரித்தேன். நான் உரித்த மட்டையைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வரும். முதல் கப்பல் எங்களை விட்டுப் போனது. இரண்டாவதில் பாதி ஏணிவரை ஏறித் திரும்பிவிட்டார். மூன்றாவதில் ஏறினார்.

கடல் மோசமாக இருந்தது. நான்தான் வாந்தி எடுத்தேன். சேகர் வாந்திக்குப் பையைப் பிடித்தார், தண்ணீர் கொடுத்தார். "கடலப் பாக்காதீங்க அங்கிள். கண்ண மூடிக்குங்க," என்றார். கமோர்ட்டா வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது.

டாக்டர் மருந்தை மறுபடி தொடங்கினார். துணை டிக்கெட் இன்றுவரை திரும்பவில்லை. போன வாரம் ராஜம்மாள் ஃபோன் செய்தார்.

"சார், உங்களப் பத்திரமா போர்ட் பிளேர் கொண்டுபோய் விட்டேன்னு சேகர் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான்."

"அது நிஜம்தாம்மா," என்றேன்.