துருத் தண்ணீர்

வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது. பழைய கார்களின் சின்னச் சின்ன இரும்புச் சாமான்களுக்குத் துரு எடுப்பது என் பிழைப்பு. கதவுக் கீல், பூட்டு ஸ்பிரிங், கண்ணாடி ஏற்றும் பல்சக்கரம் என்று பெங்களூர்க்காரர்கள் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். முடிந்ததும் வாங்கிக்கொண்டு போவார்கள். தொரப்பள்ளி போகிற வழியில் இருக்கும் என் தகரக் கொட்டகைக்குள் ஐந்து நிமிஷம் நிற்கவே ஒருத்தருக்கும் பொறுக்காது. ஒரு அம்மா மட்டும் நாள் கணக்கில் உட்கார்ந்தார்.

அவரைக் கூட்டிவந்தது அவருடைய மகன். ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். குந்தாரப்பள்ளிப் பக்கம் அவர்களுடைய மாந்தோப்பில் நாற்பது வருஷமாக ஒரு கறுப்புக் கார் நின்றிருக்கிறது. அப்பா இருந்தவரை யாரையும் அதைத் தொடவிடவில்லையாம். போன வருஷம் அவர் காலமாகிவிட்டார். காரைப் பிரிக்கச் சொன்னதே அம்மாதானாம்.

"அம்மா இங்கயே இருக்கேங்கிறாங்க. மத்தியானம் ஷிஃப்ட் முடிஞ்சு கூட்டிட்டுப் போறேங்க்கா" என்றார் மகன். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா என் பிளாஸ்டிக் நாற்காலியை வாளிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் தேய்ப்பதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். துருவோடு நல்ல இரும்பும் போய்விடும். வாளித் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, சாமானைச் செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவேன். பேட்டரி சார்ஜரின் கறுப்பு வயர் சாமானுக்கு, சிவப்பு வயர் எதிரே நிற்கும் பழைய இரும்புத் தகட்டுக்கு. கரண்டு ஓடினால் சாமானைச் சுற்றிக் குமிழி கிளம்பித் துரு இளகும். வயரை மாற்றிக் கொடுத்தால் போச்சு, தகட்டுக்குப் பதில் சாமானே கரையும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருத்தருடைய பூட்டு ஸ்பிரிங்கை அப்படித்தான் தண்ணீராக்கினேன். அன்றிலிருந்து வயரை மாட்டும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன்: கறுப்பு சாமானுக்கு, சிவப்பு தகட்டுக்கு.

ஒவ்வொரு சாமானையும் நான் எடுத்துக் கழுவியதும் அந்த அம்மா கையை நீட்டுவார். வாங்கி, திருப்பி, மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். "இது இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வெளியே பட்டப்பகல் வெயில். கர்நாடகா லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே வாளியின் புஸ்ஸென்ற சத்தமும் அந்த "இது இல்ல"வும்தான். கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும். திரும்பினால் அவர் தன் இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

இரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "என்னங்கம்மா தேடறீங்க? சொன்னா நானும் தேடுவேன்ல?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"காப்பு" என்றார். "கைக்குழந்தை போடுற இரும்புக் காப்பு."

பிறகு, சமையல் குறிப்பு சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். மூத்த பையனுக்கு எட்டு மாசம். காய்ச்சல் தூக்கிப்போட்டது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில் போனார்கள். இவர் மடியில் குழந்தை, வீட்டுக்காரர் ஓட்டினார். பாதி வழியிலேயே மடி குளிர்ந்துவிட்டது. வீட்டில் மாமியார் முதலில் கேட்ட கேள்வி, "காப்பக் கழட்டுனியாடி?"

"கழட்டுனேனான்னு எனக்கே ஞாபகம் இல்லம்மா. கை வீங்கியிருந்துச்சு. என் விரல் காப்பு மேல இருந்துச்சு. அவ்வளவுதான் ஞாபகம். அவருதான் சொன்னாரு, கையிலதான் இருந்துச்சு, குழியில எறக்குனதே நான்தான், பார்த்தேன்னு. அதை நம்பித்தான் இத்தனை வருஷம் சோறு தின்னேன். அது வண்டியில கெடந்தா, நானே கழட்டுனேன்னு அர்த்தம்."

ஒரு இரும்பு வளையத்தைக் கழற்றினால் காய்ச்சல் கொன்றுவிடுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. எங்கள் ஆட்கள் குழந்தையின் கழுத்தில் மாதா சுரூபம் கட்டுவார்கள். என் மகளைக் குளிப்பாட்டும்போது ஒருநாள்கூட நான் அதைக் கழற்றியதில்லை. அடுத்த சாமானை எடுத்துக் கம்பியில் கட்டினேன்.

மூன்றாம் நாள் மிஞ்சியிருந்தது சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளம் மட்டும். சீட்டை முன்னே பின்னே தள்ளுவதற்கான பட்டை அது. ஒரு முனையில் துரு கட்டியாகி முஷ்டியளவு இருந்தது. ஆட்டினால் உள்ளே ஏதோ கிலுங்கியது. அந்த அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். கட்டி இரண்டாகப் பிளந்தது. உள்ளிருந்து என் உள்ளங்கையில் கறுப்பாக ஒரு வளையம் விழுந்தது.

என் இரண்டு விரல் நுழைகிற அளவு. சில்லென்றிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் எந்த இரும்பும் அப்படிச் சில்லென்று இருந்து நான் பார்த்ததில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டிய அதன் இரண்டு முனைகளும் விலகியிருந்தன. தானாக நழுவியதல்ல, யாரோ வாயை அகட்டிக் கழற்றியிருக்கிறார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. அவர் கண்ணில் படாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். தூக்கி எறியலாம், ஆனால் என் குப்பை டின் முதல் ஒவ்வொரு தட்டையும் கிளறுகிற ஆள் அவர். மகன் வந்து அவரைக் கூட்டிப் போனதும் இன்னொரு வாளி வைத்தேன். சீக்கிரம் கரையட்டும் என்று சோடாவோடு ஒரு பிடி கல்லுப்பும் போட்டேன். "சிவப்பு சாமானுக்கு" என்று வாய்விட்டுச் சொன்னபோது என் குரலே எனக்கு வேற்றாளுடையது போலக் கேட்டது. காப்பிலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு புகை தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கியது.

மறுநாள் அவர் வந்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கலங்கல் தண்ணீருக்குள் நூல் போல ஒரு வளையம் மிச்சம். வாளிமேல் பலகையை வைத்து மூடியிருந்தேன்.

"வந்துச்சா?"

"இல்லங்கம்மா. எல்லாத்தையும் பார்த்துட்டேன். கார்ல இல்ல."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். நான் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

"அவரும் அன்னிக்கு இப்படித்தான். கையத் தொடச்சுக்கிட்டேதான் சொன்னாரு" என்றார்.

சுவிட்சை அணைக்க ஓடினேன்.

"நிறுத்தாதம்மா. ஓடட்டும்."

நாற்காலியை மூடிய வாளிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். காய்ச்சல் பார்க்கிற கை. அப்படியே மத்தியானம் வரை இருந்தார். திடீரென்று "முடிஞ்சிருச்சு" என்றார். நான் திரும்பி சார்ஜரைப் பார்த்தேன். கரண்டு காட்டும் முள் அதற்குப் பிறகுதான் பூஜ்யத்துக்கு விழுந்தது.

"இந்தத் தண்ணிய ஒரு கேன்ல ஊத்திக் குடு."

"எதுக்குங்கம்மா? உப்புத் தண்ணி. செடிக்குக்கூட ஆகாது."

"செடிக்கு இல்ல. புள்ளைய எந்தக் குழியில வெச்சாங்கன்னு எனக்குத் தெரியும். அங்க ஊத்தணும். அவரு சொன்னது பொய்யாப் போக வேண்டாம்."

ஒரு சொட்டு விடாமல் ஊற்றினேன். அடியில் படிந்த வண்டலையும் விரலால் வழித்துப் போட்டு மூடியை இறுக்கினேன். மகன் வந்து கேனைப் பார்த்தார். "இது என்னம்மா?"

"உங்கண்ணனோடது" என்றார் அவர். முன்சீட்டில் ஏறி, கேனை மடியில் வைத்துக்கொண்டார்.